டொராண்டோவுக்கு ஆறு மில்லிசெகண்ட்

அப்பாவின் முதல் வருஷத் திதியன்று மாலை, கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்து ஃப்ளாட்டில் மூன்று பேர் டொராண்டோவில் விடிவதற்காகக் காத்திருந்தார்கள்.

ஹரிஷங்கர் தன் பங்கைக் காலையிலேயே முடித்துவிட்டான். போன வருஷம் கொள்ளி வைத்தவனும் அவன்தான். அண்ணன் கிரீஷுக்கு அப்போது லீவும் கிடைக்கவில்லை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை என்றான். கேவ்ராதலா மயானத்தில் ஹரி போனைத் தூக்கிப் பிடிக்க, கிரீஷ் வீடியோவில் பார்த்தான். வங்காளிப் பையன்களோடு வளர்ந்த ஹரிக்கு அண்ணன் எப்போதும் 'தாதா'தான். "தாதா, தெரியறதா? தாதா!" என்று கனடாவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். அங்கே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தத் திதியையாவது பெரியவன் செய்யட்டும் என்று அம்மா காமு பிடிவாதமாக இருந்தாள். அவன் ஊரில் பொழுது விடிந்த பிறகு, வீடியோவில், சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்ல வேண்டியது. அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு கிரீஷ் திரையில் வந்தான். வெற்று மார்பு, பூணூல், முன்னால் எள்ளும் ஒரு எவர்சில்வர் தட்டும். பின்னால் கனத்த திரைச்சீலை.

"குளிர்லே சட்டை இல்லாம உக்காந்திருக்கியேடா" என்றாள் காமு.

"ஹீட்டர் இருக்கும்மா."

வைத்தீஸ்வர சாஸ்திரிகள் தொண்டையைச் செருமிக்கொண்டார். சங்கல்பத்தில் முதலில் இடம் சொல்ல வேண்டும். செய்கிறவன் பூமியில் எங்கே உட்கார்ந்திருக்கிறானோ அந்த இடம். இங்கே இருப்பவன் பாரதவர்ஷே, பரதகண்டே என்பான். அமெரிக்கா, கனடாவில் இருப்பவனுக்கு வேறு.

"சொல்லுங்கோ. க்ரௌஞ்சத்வீபே."

கிரீஷ் சொல்லவில்லை.

"க்ரௌஞ்சத்வீபே" என்றார் சாஸ்திரிகள், போனுக்குக் கிட்டே குனிந்து.

கிரீஷ் அசையாமல் இருந்தான். கண்கூட இமைக்கவில்லை.

"போச்சு, படம் நின்னுடுத்து" என்றாள் காமு. "ஹரி, என்னன்னு பாரு. ரெண்டு வருஷம் செக்டார் ஃபைவ் கம்ப்யூட்டர் கம்பெனியிலே ராத்திரியெல்லாம் முழிச்சுண்டு இதைத்தானே பாத்தே? வேலையைத்தான் விட்டே, படிச்சதையுமா விட்டுட்டே?"

ஹரி லேப்டாப்பை இழுத்து வீட்டு ரவுட்டருக்குள் நுழைந்தான். கோளாறு எதுவும் இல்லை. கிரீஷின் பக்கத்திலிருந்து டேட்டா சொட்டுவிடாமல் வந்துகொண்டிருந்தது. படம் நிற்கவில்லை. ஆள்தான் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

டேட்டா வந்துகொண்டிருந்த முகவரியைப் பார்த்தான். போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க அதற்கு ஒரு துளி டேட்டா அனுப்பினான். ஆறு மில்லிசெகண்டில் பதில் வந்தது.

மறுபடி அனுப்பினான். மறுபடியும் ஆறு.

கல்கத்தாவிலிருந்து டொராண்டோவுக்குப் போய்த் திரும்ப இருநூறு மில்லிசெகண்டுக்குக் குறையாது. கடலுக்கடியில் கண்ணாடி இழையில் ஓடுகிற ஒளிக்கு அதற்கு மேல் வேகம் கிடையாது. வேறு ஊரில் இருப்பதாகக் காட்டிக்கொள்ள ஆயிரம் வழி உண்டு. எல்லாம் தாமதத்தைக் கூட்டும். குறைக்கிற வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஹரி வழித்தடத்தைக் கேட்டுப் பார்த்தான். எந்த ரவுட்டருக்கும் முழு வழியும் தெரியாது. இந்த முகவரிக்குப் போக அடுத்து யார் கையில் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். பக்கத்து ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிச் சொல்லி அதைத் தெரிந்து வைத்திருக்கும். டொராண்டோ என்றால் மும்பை, மார்சே, லண்டன் என்று இருபது கைகளாவது மாற வேண்டும்.

திரையில் ஐந்து வரிதான் வந்தது. வீடு. வீட்டுக்கு நெட் கொடுக்கும் கம்பெனி. ஊரில் கம்பெனிகள் ஒன்றோடொன்று கைமாற்றிக்கொள்ளும் இடம். வேறொரு கேபிள்காரன். கடைசி வரியில் அந்தக் கேபிள்காரன் தன் ரவுட்டருக்கு வைத்திருந்த பெயரில் ஜாதவ்பூர் என்று இருந்தது. இதே கல்கத்தாவில் ஒரு பேட்டை.

ஹரியின் விரல்கள் விசைப்பலகை மேலேயே கிடந்தன. தான் கட்டளையைத் தப்பாக அடித்திருக்க வேண்டும் என்று நினைத்தான். திரும்ப அடித்தான். அதே ஐந்து வரி.

"என்னடா, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் காமு.

அவன் போனைப் பார்த்துக் கேட்டான். "தாதா. ஜாதவ்பூர்லே எங்கே?"

காமு சிரித்துவிட்டாள். "ஜாதவ்பூரா? உனக்கென்னடா ஆச்சு?"

கிரீஷ் தலையைக் குனிந்தான்.

"எயிட் பி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி" என்றான்.

சாஸ்திரிகள் கையிலிருந்த தர்ப்பையைத் தன் முன்னாலிருந்த எள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வேலை போயிடுத்து. விசாவும் போயிடுத்து. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? வேறே ஒண்ணு தேடிண்டு சொல்லலாம்னு..."

"எப்போ வந்தே?" என்றாள் காமு. குரலில் ஒன்றுமே இல்லை.

"அப்பா போறதுக்கு முன்னாடியே."

"அப்போ அன்னிக்கு?"

கிரீஷ் மறுபடியும் படம் நின்ற மாதிரி உட்கார்ந்திருந்தான். ஹரி தன்னையறியாமல் லேப்டாப்பைப் பார்த்தான். ஆறு. ஆறு. ஆறு. இந்தத் தடவையும் நெட்டின் மேல் பழி போட வழியில்லை.

"கேவ்ராதலா கேட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையிலே நின்னுண்டிருந்தேன். ஹரி கத்தினது எனக்கு ரெண்டு தரம் கேட்டுது. போன்லே ஒரு தரம். நேரே ஒரு தரம்."

சாஸ்திரிகளுக்குத்தான் முதலில் வாய் வந்தது. அவருக்கு அவர் வேலை.

"அப்போ பாரதவர்ஷேன்னே ஆரம்பிச்சுடலாமா?" என்றார்.

"வேண்டாம்" என்றாள் காமு. போனை எடுத்தாள். பெரியவன் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமைதோறும் உன்கிட்ட பனி பெய்யறதான்னு கேட்டேனேடா" என்றாள். அவளே அழைப்பைத் துண்டித்தாள்.

எழுந்து போய் வாசல் கதவின் உள் தாழ்ப்பாளைப் போட்டாள். அதில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஹரியின் லேப்டாப்பில் ஆறு, ஆறு என்று வந்துகொண்டிருந்தது. பிறகு பதில் நின்றது. மறுமுனையில் கிரீஷ் நெட்டை அணைத்திருக்கிறான். அணைத்துவிட்டு எங்கே போகிறான் என்று சொல்ல எந்த ரவுட்டராலும் முடியாது.

"எயிட் பிலேந்து பஸ்லே வந்தா எவ்வளவு நேரம்டா ஆகும்?" என்றாள் காமு, திரும்பாமல்.

"அரை மணி."

காமு தாழ்ப்பாளை எடுத்தாள். மறுபடியும் போட்டாள். பிறகு கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாஸ்திரிகளே, எள்ளை இப்போ எடுத்து வெச்சுட வேண்டாம்" என்றாள்.