ஈசானி மூலைப் பானை

"...அஞ்சாம் பௌர்ணமி தாண்டிப் போச்சுன்னா அப்புறம் தோண்டியும் பிரயோசனம் இல்லீங்க அக்கா. அது மண்ணோட மண்ணா ஊறிப் போயிரும். ஆளும் அதோட போயிருவான்."

"வாயைக் கழுவு அங்கம்மா."

"நான் என்னத்தைப் புதுசாச் சொல்லிப் போட்டேன்? ஊரே சொல்லுது. பெத்தவ ஊட்டினா வாந்தி. அந்தப் பர்மாக்காரி கஞ்சித்தண்ணி குடுத்தா ரெண்டு வாய் எறங்குது. இதுக்குப் பேரு காய்ச்சலா? கட்டுங்க, மண்ணுல பொதைச்சு வெக்கற செய்வினைக் கட்டு. முந்தாநாத்துக்கூட இந்த ஈசானி மூலையில குத்த வெச்சு மண்ணைத் தடவிப் பாத்துத் தானாச் சிரிச்சுட்டு இருந்தாளே, நான்தான் வேலிச் சந்துல பாத்தனே!"

ராமாத்தாள் வேலியோரம் அந்த வடகிழக்கு மூலையில் நின்றிருந்தாள். கையில் மண்வெட்டி இருந்தது. அதைப் பொழுது விடிந்ததிலிருந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டு அங்கம்மாள் வாயை எப்போதும் பாதிக்குப் பாதி கழித்துத்தான் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கழித்த பிறகும் மீதி இருந்தது. மகன் உள்ளே எலும்பாகக் கிடந்தான்.

குழந்தைவேல் பன்னிரண்டு வயதில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவன். அரிசி மில்லில் மூட்டை தைத்தான். வருசத்துக்கு இரண்டு கடுதாசி வரும். தபால்காரர் வாசலில் நின்று படிப்பார். "இங்கே எல்லாம் கிடைக்கிறது ஆத்தா. உன் கம்பஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் மட்டும் இல்லை." அந்த ஒரு வரியைத்தான் ராமாத்தாள் சேர்த்து வைத்தாள். புருசனைப் பறிகொடுத்த பிறகும், கிணறு வற்றிய வருசத்திலும் அந்த வரி அவளை எழுப்பி அடுப்பு மூட்ட வைத்தது. ரங்கூன் போகிறவர் எவராவது அகப்பட்டால் ஒரு முடிச்சு கொள்ளு கொடுத்தனுப்புவாள். பிந்திய வருசங்களின் கடுதாசிகளில் அந்த வரி காணாமல் போயிற்று. தபால்காரர் சோம்பலில் விட்டுவிட்டுப் படிக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. ஆயிரக்கணக்கானவர்களோடு மலையும் காடும் நடந்து, வழியில் இரண்டு வயதுப் பிள்ளையை ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, அவன் வந்து சேர்ந்தபோது இங்கே ஆடி மாதம். கூடவே அவன் அங்கே கட்டிய பர்மாக்காரப் பெண், மா சின். தமிழ் பத்து வார்த்தை தெரியும். அன்று ராமாத்தாள் கம்பஞ்சோறு ஆக்கிக் கொள்ளுப்பருப்பு கடைந்து வைத்தாள். இருபது வருசம் காத்திருந்த சோறு. அவன் ஒரு வாய் வைத்து, மென்று, விழுங்க முடியாமல் மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையை ராமாத்தாள் மறக்கவில்லை.

புரட்டாசியில் மா சின் அணைக்குக் கீழே சேலைத் துணியை விரித்துப் பொடிமீன் பிடித்து வந்து, உப்பில் பிசறி ஓட்டின் மேல் காயப் போட்டாள். இரண்டாம் நாளே நாற்றம் தெருவைத் தூக்கியது. ராமாத்தாள் விளக்குமாற்றால் மொத்தத்தையும் கூட்டிக் குப்பைக்குழியில் தள்ளினாள்.

"ஆத்தா, அது நாப்பிக்கு" என்றான் குழந்தைவேல் பாயில் கிடந்தபடி. "மீனை இடிச்சு உப்புப் போட்டு ஊற வெக்கறது. அங்கே அது இல்லாமச் சோறே கெடையாது. அது இருந்தா எனக்குச் சோறு எறங்கும்."

"மீன் திங்கிற ஊடுதான் சாமி இது. அழுகுன மீன் திங்கிற ஊடு இல்லை."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவனும் கேட்கவில்லை, மருமகளும் கேட்கவில்லை. விட்டுவிட்டார்கள் என்று ராமாத்தாள் நினைத்தாள். இப்போது மார்கழி முடியப் போகிறது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. நேற்று வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "இனி மருந்து கேக்காதுங்க. சோறுதான் மருந்து. நாலு நாள் வயித்துல சோறு நின்னாப் பொழைப்பான்" என்று சொல்லிப் பையைக் கட்டிக்கொண்டார்.

ராமாத்தாள் மண்வெட்டியை ஓங்கினாள்.

முழங்கை ஆழத்தில் 'ணங்' என்றது. ஒரு கரிய பானை. வாயில் துணி போட்டு இறுக்கிக் கட்டி, மேலே சாணம் மெழுகியிருந்தது. சாணம் பெயர்ந்த இடத்தில் துணியின் நீலக்கோடு தெரிந்தது. பர்மாவிலிருந்து குழந்தைவேல் போட்டு வந்த சட்டையின் கோடு அது.

"உடுத்த துணி!" அங்கம்மாள் நாலடி பின்னால் போனாள். "பாத்தீங்களா? உடுத்த துணியிலதான் கட்டுவாங்க. அக்கா, தொறந்துராதீங்க! தொறந்தா உள்ள இருக்கறது தொறந்தவ மேல பாஞ்சிரும். இடது கையில எடுங்க. யாரோடயும் பேசப்படாது. ஓடற தண்ணியில வுட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க."

பானையிலிருந்து பிண வாடை கசிந்தது. அந்த வாடை போதும். ராமாத்தாளுக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை.

காவேரி ஒரு கல் தொலைவு. இடது இடுப்பில் பானையோடு நடந்தாள். பரிசல்காரன் வீரன் கரையில் நின்று, "ஏனுங்க ஆத்தா, வெள்ளெனவே தண்ணிக்கா? ஊட்டுக் கெணத்துக்கு என்னாச்சு?" என்று சிரித்தான். அவள் வாய் திறக்கவில்லை. முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் பானையை விட்டாள். அது போக மனமில்லாதது போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒருபக்கம் சாய்ந்து முழுகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். குழந்தைவேல் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை வாரியிருந்தான். இருபது நாளாகத் தானாக எழாதவன்.

"ஆத்தா, எங்க போயிட்டே? பசிக்குது. சோறாக்கு. நெல்லுச் சோறு."

பசிக்குது. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை மாதம்! ராமாத்தாள் ஆற்றின் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். பொங்கலுக்கென்று முடிந்து வைத்திருந்த அரை வள்ளம் அரிசியை எடுத்துக் களைந்து உலையில் போட்டாள். அடுப்பு ஊதும்போது கண்ணீர் வந்தது. புகை என்று அவளே சொல்லிக்கொண்டாள். வேலிக்கு அந்தப்பக்கம் அங்கம்மாளின் தலை எட்டிப் பார்த்தது. "என்ன, நான் சொன்னனா இல்லையா?" என்பது போல அது ஆடியது.

வட்டிலில் சோற்றைப் போட்டுக் கொள்ளுரசம் ஊற்றப் போனாள். அவன் கையால் மறித்தான்.

"ரசம் வேண்டாம் ஆத்தா. வெறுஞ்சோறாவே இருக்கட்டும். அவ வரட்டும்."

"அவ எதுக்குடா? சூட்டோட தின்னு கண்ணு."

"இன்னிக்கு அரைநாள் வேலைதான், வந்துருவா." அவன் சிரித்தான். வந்த நாளிலிருந்து இப்படிச் சிரித்ததில்லை. "வந்தா உனக்கே தெரியும். கோவிச்சுக்காதே, என்ன?"

ராமாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் சிரித்ததே போதும் என்று விசிறியை எடுத்து விசிறினாள்.

மா சின் உச்சிப்பொழுதில் வந்தாள். கரும்புக்காட்டில் காய்ந்த சோகை இலை உரித்த கை கால்களெல்லாம் கீறல். முந்தானையில் நாலு பச்சை மிளகாயும் ஓர் எலுமிச்சம்பழமும் முடிந்திருந்தாள். உள்ளே வராமல், கையைக் கழுவிக்கொண்டு, கழுவின கையை வேறெதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நேரே ஈசானி மூலைக்குப் போனாள்.

ராமாத்தாள் வெளியே வந்து பார்த்தாள். மா சின் குழியின் ஓரத்தில் நின்றிருந்தாள். குனிந்து குழிக்குள் கையை விட்டு, மண்ணைக் கிளறி, மறுபடியும் கிளறினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அத்தை... பானை?"

"என்ன பானை?"

"நாப்பி. அவருக்கு." ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். "நாலு மாசம் மண்ணுல. நாத்தம் வராம. இன்னிக்குத் தொறக்கற நாள். காலையில அவருக்குச் சொன்னேன்."

மருமகளின் பார்வை மெல்ல இறங்கியது. மாமியாரின் சேலையில் முழங்கால்வரை ஆற்று வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. பாதங்களில் ஆற்று மணல். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மிளகாய் முடிச்சை அவிழ்க்கப் போன கை அப்படியே நின்றது.

வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த தலை மறைந்துவிட்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் ஆசை நிறைந்த குரல்.

"ஆத்தா, அவ வந்துட்டாளா? சோறு ஆறுது பாரு. அந்தப் பானையில இருந்து ஒரே ஒரு கரண்டி எடுத்தாரச் சொல்லு, ஆத்தா."