சந்தனம் வைத்த டிஸ்கெட்

கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். லாரி ஓட்டும் தம்புசாமிக்கு, ஆபீசுக்குள் உட்காரும் வேலை தருவதாக முதலாளி ஆசை காட்டியிருந்தார். பள்ளிக்கூடக் கேண்டீன் மங்களத்துக்கு, வீட்டில் பிள்ளைகள் தன்னை மட்டந்தட்டுவது நின்றால் போதும். தேவமலருக்கு வேண்டியது ஒன்றுதான். புருஷன் குரலைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். அதை அவள் பத்து வாரமாக யாரிடமும் சொல்லவில்லை.

செலண்டார் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு. மலாக்காவில் மூடிப்போன ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட எட்டுப் பெட்டிகள். ஏழு ஊமை. எட்டாவதில் மட்டும் சவுண்ட் கார்டு இருந்தது. தேவமலர் முதல் நாளே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்புறம் எவருக்கும் அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை.

சொல்லிக்கொடுப்பவன் தனபாலன். ஜாசினில் ஒரு போட்டோஸ்டெட் கடையில் மிஷின் பழுது பார்க்கிற பையன், முப்பதுகூட ஆகவில்லை. நாற்பது வயதுக்காரர்களை அதட்ட வராது அவனுக்கு. ஆனால் ஒரு விதியில் மட்டும் கறாராக இருந்தான்.

"பழைய பெட்டிங்க. உள்ள எடமே இல்ல. வகுப்பு முடிஞ்சா அவங்கவங்க செஞ்சத அவங்கவங்க டிஸ்கெட்ல, அதாங்க ஃபிளாப்பில, போட்டுக்கணும். பெட்டியில இருக்கறத அழிச்சிடணும். திரையில இருக்கற குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டுத்தான் எந்திரிக்கணும்."

தேவமலர் நியாலாஸ் தோட்டத்தில் பதினாறு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகு பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வது அவளுக்குப் பழகிப்போனது. வாரந்தவறாமல் அழித்தாள், குப்பைத்தொட்டியைக் காலி செய்தாள், எழுந்தாள்.

பதினோராவது வாரம் கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தம்பி, இதுல இருக்குற பேச்ச உள்ள ஏத்தலாமா?"

"ஏத்தலாம்க்கா. யாரு பேச்சு?"

"கட்சிக்காரன் பேச்சா இருக்கும்லா," என்றார் தம்புசாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள ஏத்துனா பெட்டியும் பொய் பேச ஆரம்பிச்சிடும்."

"எங்க வீட்டுக்காரரு," என்றாள் தேவமலர்.

தம்புசாமி திரையை விட்டுத் திரும்பினார். மங்களம் குனிந்து விசைப்பலகையில் எதையோ தேடினாள்.

அவள் புருஷன் காந்தனைப் பற்றி நியாலாஸ், செலண்டார் இரண்டு ஊருக்கும் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனவன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், கடிதம் எழுத வராது. அதனால் ஒரு கேசட்டில் பேசி, ஊருக்கு வந்த லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. சிங்கப்பூர் ஜூரோங்கில் பார்த்தோம், கூட ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள் என்று இரண்டு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். செத்திருந்தால் தாலியைக் கழற்றிவிட்டு, அழுது தீர்த்து, மேலே நடந்திருக்கலாம். இருக்கிறான். லயத்தையும் இடித்துவிட்டார்கள். நாளைக்கே வர நினைத்தாலும் அவள் இருக்கும் வீடு அவனுக்குத் தெரியாது.

கேசட் மட்டும் இருந்தது. இரண்டு இடத்தில் செல்லோடேப் ஒட்டிய கேசட். மாதம் ஒரு முறை போட்டவள், தேய்ந்துவிடும் என்று வருஷத்துக்கு ஒரு முறை ஆக்கிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை தனபாலன் ஒரு வாக்மேனும் வயரும் கொண்டுவந்தான். வெளியே புகைமூட்டம், சுமத்ராவில் காடு எரிந்து மலாக்கா முழுக்க இருமிக்கொண்டிருந்த வருஷம் அது. மண்டபத்துச் சன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். வயரின் ஒரு முனையை வாக்மேனிலும் மறு முனையைப் பெட்டியின் பின்னாலும் சொருகினான்.

"தரத்தக் கொறச்சா ஒரு டிஸ்கெட்ல மூணு நிமிஷம் பிடிக்கும்க்கா. எவ்வளவு நேரம் பேசுறாரு?"

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு," என்றாள். யோசிக்கவே இல்லை.

மற்றவர்கள் வேலை செய்கிற மாதிரி நடித்தார்கள். பெட்டியிலிருந்து காந்தன் பேசினான்.

மழைக்கு முன்னால் கக்கூஸ் கதவை மாத்து என்றான். சைக்கிளை எவன் கேட்டாலும் கொடுக்காதே என்றான். இங்கே அரிசி நன்றாக இல்லை, ரூமில் ஆறு பேர், ஒருத்தன் குறட்டை விடுகிறான் என்றான். அன்பாக ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "தீபாவளிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவன் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டான். பிறகு, "பாப்போம்," என்றான். அதோடு முடிந்தது.

முடிந்த அதே வேகத்தில் வாக்மேன் கரகரத்தது. தனபாலன் திறப்பதற்குள் டேப் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, இழுத்ததும் மூன்று துண்டாக வந்தது.

"ஐயோ, சாரிக்கா. ஒட்டிப் பாக்கலாம்."

"வேணாம் தம்பி. அதான் உள்ள ஏறிடுச்சே."

டேப்பைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். கேசட் கூட்டையும் போட்டாள். பத்து வருஷம் இது அறுந்துவிடுமோ என்று பயந்தவள். அறுந்தே போனதும் தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. குரலை டிஸ்கெட்டில் போட்டாள். திறந்து ஒரு முறை கேட்டாள், சரியாக இருந்தது. பெட்டியில் இருந்ததை அழித்தாள். குப்பைத்தொட்டியைக் காலி செய்தாள். யார் உதவியும் இல்லாமல் அவள் முழுதாகச் செய்த முதல் வேலை அது.

"பாத்தியா மலரு, நீதான் வகுப்புல கெட்டி," என்றாள் மங்களம்.

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை.

தோட்டத்தில் இந்த நாளைக்குப் பால் வெட்டும் கத்திகளைக் கோயிலில் வரிசையாக அடுக்குவார்கள். சந்தனத்தைக் கத்தியின் வாயில்தான் வைக்க வேண்டும். பிடியில் வைத்தால் அந்த வருஷம் கை வழுக்கி மரத்தைக் காயப்படுத்திவிடுவோம் என்பது தோட்டத்தாரின் நம்பிக்கை. எது வேலை செய்கிறதோ அதற்குத்தான் பொட்டு.

வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, தேவமலர் சாமிப்படத்தின் முன்னால் வாழையிலை போட்டாள். கத்தரிக்கோல், தொழிற்சாலை அடையாள அட்டை, கடைசியாக டிஸ்கெட். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் பொட்டு வைக்கப்போனவள் நிறுத்தினாள். அது வெறும் பிடி. தனபாலன் முதல் வாரமே காட்டியிருந்தான்: இந்தத் தகரத்தைத் தள்ளினால் உள்ளே கறுப்பாகத் தெரிகிறதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது, விரல் படக்கூடாது.

விரல் படக்கூடாது என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால் தீக்குச்சி முனையில் சந்தனத்தைத் தொட்டு, தகரத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கறுப்பின் நடுவில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது, தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. படிப்பைத் தொடங்க நல்ல நாள் என்று எல்லாரும் சீக்கிரமே வந்திருந்தார்கள். தனபாலன் வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தான்: இன்று – காப்பி எடுப்பது எப்படி.

தேவமலர் தகரத்தைத் தள்ளிப் பார்த்தாள். சந்தனம் காய்ந்திருந்தது. வாயால் ஊதினாள். உதிர்ந்தது போக மிச்சம் ஒட்டியிருக்க, டிஸ்கெட்டைச் சொருகினாள். பெட்டிக்குள் யாரோ மண்ணைப் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம் வந்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு சாம்பல் கட்டம் தோன்றியது. அதை மூடினாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி அரைத்தது.

"தம்பி."

தனபாலன் வந்து பார்த்து உடனே வெளியே எடுத்தான். தகரத்தைத் தள்ளினான். கறுப்பில் வட்டவட்டமாக மஞ்சள் கோடுகள்.

"என்னக்கா இது?"

"சந்தனம்."

"உள்ளயா?"

"பூச போட்டேன்பா. வெரல் படல. குச்சியிலதான் வெச்சேன்."

தம்புசாமி எட்டிப் பார்த்தார். "என் லாரிக்குக்கூட டயருக்கு அடியிலதான் எலுமிச்சம்பழம் வெச்சேன் தங்கச்சி. இஞ்சினுக்குள்ள போடலலா."

"சும்மா இருண்ணே," என்றாள் மங்களம்.

"வேற எங்கயும் இல்லியாக்கா? பெட்டியில?" என்று கேட்டான் தனபாலன்.

"அழிச்சிட்டேன். நீதானப்பா அழிக்கச் சொன்ன."

தனபாலன் பலகையில் தான் எழுதியிருந்ததைத் திரும்பிப் பார்த்தான். போய் அழித்தான். "போன வாரமே நான் ஒரு காப்பி எடுத்திருக்கணும்," என்றான். "தப்பு எம்மேலக்கா."

அவள் அழவில்லை. "கழுவ முடியுமா?" என்று கேட்டாள். கத்தியைக் கழுவ முடியும். அதனால் கேட்டாள்.

அவன் வெளியே போனான். மோட்டார் சைக்கிளில் இருந்த சாமான் பையை எடுத்துவந்தான். டிஸ்கெட்டின் தகரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் கூட்டைக் கத்தியால் பிளந்து, உள்ளேயிருந்த கறுப்பு வட்டத்தை வெளியே எடுத்தான். ஒரு தோசை அளவுகூட இல்லை, காகிதம்போல மெல்லிசு. காந்தன் பேசியது முழுவதும் அதில்தான் இருந்தது என்பதை தேவமலரால் நம்ப முடியவில்லை. மிஷின் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தான். சந்தனம் போனது. அது கிழித்த கீறல் போகவில்லை. ஒரு புது டிஸ்கெட்டின் கூட்டைப் பிளந்து அதற்குள் அந்த வட்டத்தை வைத்து மூடினான்.

"படிக்கிற வரைக்கும் படிக்கும். நம்பிக்கை வெக்காதீங்கக்கா."

பெட்டி படித்தது. டக் டக் என்று ஒரே இடத்தில் முட்டி, விட்டு, அடுத்த இடத்துக்குப் போனது. நான்கரை ஆனது. மற்றவர்கள் காப்பி எடுப்பது பற்றி எதுவும் கற்காமல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மங்களம் போகும்போது தேவமலரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தேவமலர் வீட்டுக்குப் போகும் நியாலாஸ் பஸ் போய்விட்டது. தம்புசாமி, "நான் வெளிய இருக்கேன், லாரியில ஏத்திட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் புகைக்குள் போய்ப் புகை பிடித்தார்.

ஆறு மணிக்குப் பெட்டி ஓய்ந்தது. கிடைத்ததைத் தனபாலன் ஒன்றாகச் சேர்த்தான். பெரும்பாலும் வெறும் இரைச்சல். சேர்ந்தாற்போலத் தேறியது ஒரே ஒரு துண்டு.

"...வளிக்கு," என்றது பெட்டி. பிறகு மின்விசிறி. நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு மூச்சு. அத்தோடு வெட்டுப்பட்டு நின்றது.

"பதினோரு செகண்டு," என்றான் தனபாலன். "அதுலயும் பேச்சு ஒண்ணுமே இல்ல. சாரிக்கா."

"திரும்பப் போடு."

போட்டான்.

"இன்னொரு தடவ."

"இதுல என்னக்கா இருக்கு, காத்தாடிச் சத்தம்தான்."

"இங்கதாம்பா அவரு யோசிக்கிறாரு."

தனபாலன் மறுபடி போட்டான். கதவு, சைக்கிள், அரிசி, குறட்டை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். யார் கேட்டாலும் சொல்லிவிடுவாள். இந்த இடத்தை மட்டும் அவளால் சொல்ல முடியாது, கேட்கத்தான் முடியும். பத்து வருஷமும் அவள் கேசட்டைப் போட்டது இதற்குத்தான். வரலாமா வேண்டாமா என்று அவன் நினைத்துப் பார்த்த இடம். வரலாம் என்பது அந்த நேரத்தில் அவன் மனசில் ஒரு நொடியாவது இருந்திருக்கும். அப்புறம் 'பாப்போம்' வந்து விழும். வரப்போகிறது என்று தெரிந்தே ஒவ்வொரு முறையும் கேட்டாள். இப்போது அது வரவில்லை. மூச்சோடு நின்றுவிட்டது. அவளுக்கு அது நல்லதாகவும் படவில்லை, கெட்டதாகவும் படவில்லை. காது மட்டும் இன்னும் காத்திருந்தது.

"காப்பி எடுக்கச் சொல்லிக்குடு," என்றாள்.

சொல்லிக்கொடுத்தான். இரண்டு புது டிஸ்கெட்டில் அவளே எடுத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து கேட்டுப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல் பெட்டியில் இருந்ததை அழிக்கப் போனாள். நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. அவள் தனபாலனைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா," என்றான். "பெட்டியில எடம் இருக்கு."

லாரியின் முன் விளக்குகள் புகையில் பத்தடிக்கு மேல் போகவில்லை. தம்புசாமி மெதுவாக ஓட்டினார். தேவமலர் இரண்டு டிஸ்கெட்டையும் கைப்பையில் வைத்து, பையை மடியில் வைத்து, மேலே கையையும் வைத்திருந்தாள். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் இருபுறமும் மங்கலாகத் தொடங்கியது.

"தீவாளிக்கு இன்னும் மூணு வாரங்கூட இல்ல," என்றார் தம்புசாமி, சும்மா இருக்க முடியாமல். "உங்க வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா தங்கச்சி?"

பாப்போம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் சொல்லவில்லை. தம்புசாமி கொஞ்ச நேரம் காத்திருந்தார். லாரியில் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.