மாவுப் பசை

எங்கள் பள்ளியில் வருடத்தின் முதல் நாள் யாரும் படிக்க மாட்டோம். புத்தகம் ஒட்டுவோம். வெள்ளைப் பிள்ளைகள் வருடக்கணக்காக வைத்துக் கிழித்து முடித்த புத்தகங்கள்தான் கறுப்புப் பிள்ளைகளான எங்களுக்கு வரும். வீட்டில் மாவுப் பசை காய்ச்சி எடுத்துப்போய், பிய்ந்த முதுகை ஒட்டி, மளிகைப் பையை வெட்டி அட்டை போடுவோம். உள்ளே பெயர் எழுதக் கோடுகள் இருக்கும். எல்லாக் கோட்டிலும் அவர்கள் பெயர்கள். நாங்கள் ஓரத்தில் இடுக்கி எழுதிக்கொள்வோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எங்கள் ஊரிலும், யார் வேண்டுமானாலும் விருப்பப்பட்ட பள்ளிக்குப் போகலாம் என்றார்கள். வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போக விருப்பப்பட்டது நான் ஒருத்திதான். எனக்குப் பத்து வயது. அப்பா கூடவே கூடாது என்றார். மரம் அறுக்கும் ஆலையில் அவருடைய வெள்ளை முதலாளி ஏற்கெனவே முறைக்க ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் மறுநாளே திரும்பட்டும் என்று அம்மாதான் சமாளித்தாள்.

போனேன், பசை ஜாடியோடு. வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தெரியும்? முன் பெஞ்சு டார்லீன் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி அது, உன் சாப்பாடா?"

"பசை. புத்தகம் ஒட்ட."

"இங்க எந்தப் புத்தகம் கிழிஞ்சிருக்கு?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் என் முகத்தைப் பார்க்காமலே ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். புத்தம் புதியது. தவறிப்போய் எனக்குக் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். மதியம் யாரோ தட்டிவிட, ஜாடி கவிழ்ந்து என் ஷூ முழுக்கப் பசை. அழவில்லை, அவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுப்பேனா? ஆனால் நாளைக்கு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் என் தம்பி கிளியோஃபஸ், பழைய பள்ளியிலிருந்து கையெல்லாம் பசையோடு வந்திருந்தான். என் புத்தகத்தை முகர்ந்து பார்த்தான். உள்அட்டையைத் திறந்தான்.

"அக்கா, ஒரு பேருகூட இல்லையே. இது பழசானா எங்க போகும்?"

"வேற எங்க? உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான்."

"அப்போ எனக்கு வருமா?"

"வந்தாலும் வரும்."

"அப்ப மேல யார் பேரு இருக்கும்?"

 பேனாவை எடுத்தேன். முதல் கோட்டில், கோடு கொள்ளாத அளவுக்குப் பெரிதாக, வெர்லீன் டிஸ்டேல் என்று என் பெயரை எழுதினேன். மை காயும்வரை இருவரும் ஊதினோம். கிழிந்த புத்தகமே வந்தாலும் இனி அவன் யாரோ ஒருவனுக்குக் கீழே எழுத வேண்டியதில்லை. எனக்கு அன்று அவ்வளவு பெருமையாக இருந்தது.

"அம்மா, நாளைக்கும் சாப்பாடு கட்டு. பசை வேண்டாம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய் என் ஷூவைக் கொண்டுவந்து, காய்ந்துபோன பசையைப் பேனாக்கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார்.