கூரைக்கு ஏறிய பெட்டி

கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்றை, கோவளத்துப் பிரியாணிக் கடையின் சமையலறையில், தரைக்கு ஒரு சாண் மேலே மாட்டிவிட்டுப் போனார் விற்றவர். அது தினமும் மதியம் கத்தியது. மதிய வியாபாரம் முடிந்ததும் மாஸ்டர் வரதன் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கேதான் குளிர்ந்த தரையில் துண்டை விரித்துப் படுப்பார். முதலாளி நூர்முகமதுவுக்கு மனசு கேட்கவில்லை. விடியலிலிருந்து தீயில் வேகிற மனுஷன் கொஞ்சம் கண்ணசரக் கூடாதா? பெட்டியைக் கழற்றிக் கூரையை ஒட்டி மாட்டினார். அன்றோடு சத்தம் நின்றது. கோளாறைச் சரிசெய்துவிட்டதாகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து, வரதன் உள்ளே தூங்குகிற நேரத்தில், பிரியாணி ஆர்டர் கொடுக்கக் கவியா வந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. சமையலறைக் கதவைத் தள்ளி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா பாய், இத்த மேல மாட்டிக்கீறீங்க?"

"கேஸு மேலதாம்மா போவும். பலூன் பாத்ததில்லியா?"

"பலூன்ல கீறது வேற கேஸு. காத்தோட வெயிட்டு இருவத்தொம்போதுன்னா அது ரெண்டோ நாலோ. அடுப்பு கேஸு அம்பது. கீழதான் படுத்துக்கும்."

படித்த பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு கணக்கு என்று நினைத்துக்கொண்டார் நூர்முகமது. வாடை வந்தால் தெரியாதா என்ன? வெங்காயமும் மசாலாவும் மணக்கிற இடத்தில் வேறு எந்த வாடை மூக்கில் ஏறும் என்று அவர் யோசிக்கவில்லை. ஸ்டூலில் ஏறிப் பெட்டியைக் கழற்றினார். நெஞ்சளவில் பிடித்துக் காட்டினார், சத்தமில்லை. இடுப்பளவில் பிடித்தார், இல்லை. ஜெயித்துவிட்ட தெம்பில் குனிந்து, தூங்குகிற வரதனின் தலைமாட்டில் வைத்தார்.

அது கத்தியது.

ஃபேன் சுவிட்சுக்குப் போன அவர் கையைக் கவியா பிடித்துக்கொண்டாள். "சுவிட்ச தொடாதீங்க பாய். கதவு, ஜன்னல மட்டும் தொறங்க." சிலிண்டரை அவளே மூடினாள். இருவருமாக வரதனைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள்.

என்ன ஏதென்று புரியாமல் கண்ணைக் கசக்கிய வரதன், பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"மணி நாலு ஆவுது பாய். டீக்கு அடுப்ப பத்த வெக்கணும்."

பன்னிரண்டு நாளும் இதே நேரத்துக்குப் பற்றவைத்திருக்கிறார். நூர்முகமது தீப்பெட்டியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே பெட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"அத்த ஏன் பாய் கீழ எறக்குனீங்க?" என்றார் வரதன். "மேல கீறப்போ எவ்ளோ நிம்மதியா தூங்கினு இருந்தேன்."