இணைப்பில் உள்ளவர்கள்

வானொலிக் கருவியைக் கணினியோடு கோத்துக் காற்றில் பேசிப் பொழுதைப் போக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் சிவகாசி வட்டாரத்தில் மொத்தம் பதினொரு பேர். அதில் ஆறு பேர் தங்கள் ஆண்டெனாவின் உயரத்தைப் பற்றிப் பேசுவார்கள். மற்றவர்கள் அந்த ஆறு பேரின் ஆண்டெனாவைப் பற்றிப் பேசுவார்கள். யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்பதை ஓர் இணையப் பக்கம் காட்டும். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தலைவர் சிவபாண்டி அதைப் பார்த்து வருகைப்பதிவு எடுப்பார்.

மணிகண்டராஜ் மட்டும் வரமாட்டான். விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை போர்மேன்; வீடும் அங்கேதான். ஆறு நாள் தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமைதான் தூங்குவான். அவனுடைய கூட்டாளி ஹரிபிரசாத், கல்லூரியில் மூன்று வருஷம் அடுத்தவனுக்கு அட்டெண்டன்ஸ் போட்ட அனுபவஸ்தன். போன மாதம் மணியின் வீட்டுக் கருவியில் நாலு வரி புரோகிராம் எழுதி வைத்தான். ஞாயிறு எட்டு மணிக்கு அது தானே போய் இணைந்துகொள்ளும்.

"ஏலே, நான் குறட்டை விட்டாலும் ஆஜரா?"

"குறட்டை அவுகளுக்குக் கேக்காதுலே. பேரு தெரியும், அம்புட்டுதான்."

அந்தப் பக்கத்துக்கு இன்னோர் உபயோகமும் உண்டு. எங்காவது ஆலை வெடித்தால் ஊரே ஊருக்குப் போன் போடும். பேச ஒரு லைனும் கிடைக்காது; நெட் மட்டும் எப்படியோ வரும். ஆகவே பதினொரு பேருக்குள் ஒரு வழக்கம். சத்தம் கேட்டதும் அவரவர் வீடு போய்ச் சேர்ந்து கருவியைப் போட வேண்டும். பேச வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் ஆள் பத்திரம்.

புதன்கிழமை மதியம் பன்னிரண்டு பத்துக்குச் சத்தம் கேட்டது. ஹரிபிரசாத் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மாமாவின் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தான். எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். புகை விஸ்வநத்தம் பக்கம். அங்கேயே பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் மணியின் அம்மா முருகேஸ்வரி, புகையைப் பார்த்த மாத்திரத்தில் செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கினாள். அரை மணி நேரம் ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை.

ஹரி போனில் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். சிவபாண்டி பெயர் வந்தது. இன்னும் நாலு பேர் வந்தார்கள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு மணிகண்டராஜ் என்று வந்தது.

ஹரி தெருவுக்கு ஓடினான். முருகேஸ்வரி ஓர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இறங்குங்க! பய வீட்டுக்கு வந்துட்டான். இங்கன பாருங்க, பேரு!"

"நெசமாவா?" ஆங்கில எழுத்து அவளுக்குத் தெரியாது. அவன் விரல் வைத்து வாசித்துக் காட்டினான்.

"எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவமாப்பா?"

"அங்கன எதுக்குத்தை? வீட்டுக்குப் போயி ரெண்டு அறை விடுங்க, தகவல் சொல்லாததுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். பைக்கில் போகும்போது, காலையில் ரசம் மட்டும்தான் வைத்தேன், பசியோடு உட்கார்ந்திருப்பானே என்று வருத்தப்பட்டாள்.

போலீஸ் ரோட்டை மறித்திருந்தது. நாரணாபுரம் வழியாகச் சுற்றிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கதவில் பூட்டுத் தொங்கியது.

ஜன்னல் வழியே பார்த்தான். மேசைமேல் கருவியின் பச்சை விளக்கு மினுங்கியது. மின்விசிறி ஆளில்லாமல் சுற்றியது. வெடித்ததும் நிறுத்திய கரண்டைப் பிறகு திரும்ப விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

எப்போது விட்டார்கள் என்று கேட்டான். பன்னிரண்டே முக்கால், அம்பது இருக்கும் என்றார்.

ஹரி பைக்கை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான். அந்த நாலு வரியில், கரண்ட் போய் வந்தால் மறுபடி இணைந்துகொள் என்றும் ஒரு வரி எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று அதில் சேர்க்கச் சோம்பல் பட்டிருந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் மணியோடு வேலை பார்க்கும் ஜெயபாண்டி, சட்டையெல்லாம் கரியாக நின்றிருந்தான்.

"எங்கன போனீக? இம்புட்டு நேரம் பேசிக்கிட்டுதான இருந்தான்! அம்மா வந்துட்டாகளா, அம்மா வந்துட்டாகளான்னு..." கரி படிந்த கையால் முகத்தைத் துடைத்தான். "இப்பதான். இருபது நிமிசம் ஆச்சு."

முருகேஸ்வரி வெறுந்தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழவில்லை. சுற்றி நின்ற பெண்களிடம் நிதானமாகச் சொன்னாள்:

"சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வந்துட்டான். பொறவு, உள்ள ஆளுக மாட்டிக்கிட்டாகன்னு திரும்பப் போயிருக்கான். அவனுக்கு மனசு கேக்காது."

பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஜெயபாண்டி ஹரியைப் பார்த்தான். வெடிப்பு நடந்த அறையைவிட்டு மணி தானாக வெளியே வரவேயில்லை, தூக்கித்தான் வந்தார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

சும்மா இருந்தால் அப்படியே போயிருக்கும். ஹரி அவள் முன்னால் மண்டியிட்டான்.

"அத்தை, அவன் வீட்டுக்கு வரல. கரண்டு வந்ததும் அந்த மெசினு தானா போட்ட பேரு அது. நான்தான் அப்படி எழுதி வச்சேன். உங்கள ஆஸ்பத்திரிக்கு விடாம..."

"வந்தான்லே. நீதான காட்டுன."

"இல்லத்தை, நான்..."

அவள் கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள். எடுக்கவே இல்லை.