லேபிள் சுரண்டிய நீல டிரம்

மனைவிக்குச் சோயாப்பால் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் டிரம் கழுவுகிறவன் டாக்டரம்மாவின் அறைக்குள் போனான். அந்தப் பாலைக் காய்ச்சுகிற கொழுந்தியாள் பின்னாலேயே நின்றாள். மனைவிக்கு மார்பில் வந்த கட்டி எலும்புவரை இறங்கிவிட்டது. இனி வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லியாகிவிட்டது.

“அவங்க கட்டி ஹார்மோனத் தின்னு வளர்ற ரகம்,” என்றார் டாக்டரம்மா. “சோயாவுல ஹார்மோன் சாயல்ல ஒரு பொருள் இருக்கு. கண்ணாடித் தட்டுல செல்லு மேல விட்டா, ஒரு அளவுக்கு வளருது, இன்னொரு அளவுக்கு அடங்குது. ஆனா தட்டு வேற, உடம்பு வேற. சாப்பாடா குடிச்சா கெடுதல் தெரியல. தாராளமா கொடுங்க.”

“கேட்டீங்களா மாமா? நான் என்னமோ விஷத்த அரைச்ச மாதிரி குதிச்சீங்களே,” என்றாள் கொழுந்தியாள்.

“எனக்குக் கவலையெல்லாம் செடியப் பத்தி இல்ல. சில பிளாஸ்டிக்கு, சில கெமிக்கலு, அதுங்களுக்கும் இந்தச் சாயல் உண்டு,” என்றார் டாக்டரம்மா.

அவனுக்கு வீட்டுத் தண்ணீர் டிரம் ஞாபகம் வந்தது.

கெமிக்கல் டிரம் கழுவும் அவன் பட்டறையில் யாருக்காவது கல்யாணமென்றால், கூட்டாளிகள் நல்லதாக ஒரு காலி டிரம் பொறுக்கி, சலவைச் சோடா போட்டு வெந்நீரில் ஏழு தரம் அலசிக் கொடுப்பார்கள். லேபிளைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டுவது மாப்பிள்ளை வேலை. அவனுக்கு நீல டிரம் கிடைத்தது. பதினான்கு வருஷமாக வீட்டுக் குடிதண்ணீர் அதில்தான். பகலெல்லாம் அவன் பட்டறைக் குழாயில் குடித்தான். வீட்டில் இருந்தவள் அவள்.

டிரம் கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டான். “அதனாலதான் வந்துச்சா?”

“அதுல முந்தி என்ன இருந்துச்சு? லேபிள் இருந்துச்சா?”

“நாந்தான் சுரண்டுனேன். படிச்சுப் பாக்கல.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “தெரிஞ்சாலும் இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா. தெரியாம என்னத்தச் சொல்ல?”

நேரே பட்டறைக்குப் போனான். அன்றைக்கு டிரம்மைப் பொறுக்கியவர் மேஸ்திரி.

“ஒரு நாளைக்கு நூறு டிரம்மு வருது. ஒவ்வொண்ணுக்கும் பொறந்த தேதி குறிச்சு வச்சிருக்கேனா?” என்றவர், அவன் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். “மத்ததெல்லாம் மூக்கப் புடுங்கும்டா. அது ஒண்ணுதான் இனிப்பா வாசனை அடிச்சுச்சு. புதுப்பொண்ணு தண்ணி மொள்ளப் போறாளேன்னு பாத்துதான் எடுத்தோம்.”

ரப்பர் கையுறையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவனுக்கு அழுகை வரவில்லை. அடிக்க ஒரு ஆள் கிடைத்தால் தேவலை போலிருந்தது.

வீட்டில் மனைவி பாதிப் பாலை மிச்சம் வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். ஒன்று விடாமல் சொன்னான்.

“ஆக, குத்தவாளி சிக்கல,” என்றாள்.

“சிக்கியிருந்தா உன் கால்ல விழுந்திருப்பேன்.”

“சிக்கலன்னா விழ மாட்டியாக்கும்.” சிரிக்கப் பார்த்தாள், வலி விடவில்லை.

அவன் கால்மாட்டில் உட்கார்ந்தான். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

“எம்மேல கோவம்னாவது சொல்லிடேன்.”

“கோவந்தான்யா. உம்மேலயா, அந்தப் பாழாப்போன டிரம்மு மேலயா, எனக்கே தெரியல. காலக் கொஞ்சம் அமுக்கி விடு.”

அமுக்கினான். விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, மேலெழும்ப வெகுநேரம் ஆனது.