இல்லை என்று எழுதியது

ரகுபதிக்கு வயது முப்பத்தெட்டு. பள்ளிக்காலத்திலிருந்தே அவன் மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் புடைத்திருந்தது. அதை மறைக்கத் தொளதொளப்பான சட்டைகளையே போடுவான். மகள் அனுப்ரியா நீச்சல் குளத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பான். அன்று மனைவி மோகனப்பிரியாவிடம் ஹெர்னியாவுக்குச் சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு, சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருந்த வீட்டிலிருந்து சிராங்கூன் சாலையில் இருந்த அழகுச் சிகிச்சை கிளினிக்குக்குத் தனியாக வந்திருந்தான்.

அங்கி மாற்றிப் படுத்திருந்தவனின் இடது காலைத் தாதி கமலம் கவனித்தாள்.

"இந்தக் கால் மட்டும் ஏன் சார் வீங்கி, கறுத்துப் போயிருக்கு?"

"பழைய அடி."

"ஆபரேஷன்ல ரத்தம் அதிகம் போகாம இருக்க ஒரு ஊசி போடுவோம். முன்னாடி ரத்தக்கட்டி வந்தவங்களுக்கு அது ஆபத்து லா. ஃபார்ம்ல இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நிஜமாவே இல்லையா?"

உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் செய்ய மறுத்துவிடுவார்கள் என்று பயந்துதான் அப்படி எழுதியிருந்தான். அவன் காதெல்லாம் சூடேறியது.

"வந்திருக்கு. ஆறு வருஷம் முன்னாடி. கால்ல வந்து நுரையீரலுக்குப் போயிடுச்சு."

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"வைஃபுக்குத்தான் தெரியும்."

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டார்கள். மோகனப்பிரியா மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை மாதம் என்பதெல்லாம் தடுமாறாமல் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"ஹெர்னியாவுக்கு இதெல்லாமா கேக்கிறாங்க?"

கமலம் அவனைப் பார்த்தாள்.

"ஹெர்னியா இல்ல, மோகனா. நெஞ்சு... நெஞ்சைக் குறைக்க."

கிளினிக் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

டாக்டர் வந்து ஆபரேஷனை நிறுத்தினார். "ஊசி இல்லாமலும் செய்யலாம். முதல்ல ரத்த நிபுணரைப் பாத்துட்டு வாங்க. மறைச்சா நான் எப்படிச் செய்றது?" என்றார்.

மோகனப்பிரியா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கிளினிக் வாசலில் நின்றாள்.

"அசிங்கமா இருந்துச்சு. அதான் சொல்லல," என்றான்.

"உங்க நெஞ்சை நான் பாத்ததே இல்லையா?" அவள் குரல் உடைந்தது. "அப்போ அனு கைக்குழந்தை. அவளைத் தூக்கிக்கிட்டு ஐசியூ வாசல்ல மூணு நாள் உக்காந்திருந்தேன். அதைப் போயி இல்லைன்னு எழுதிட்டீங்களே."

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான். நாலைந்து நிறுத்தம் கழித்து அவளே அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்க மட்டும் முடியவில்லை.